பித்தளை மூக்கு

— அண்ணி, ஃபோன் ஒயரைப் பிடிச்சு இழுக்காதீங்க. ரிமோட் வண்டி உள்ள போகப் போக அது தானா அவுந்துக்கும்.

— இழுக்கல தம்பி, சிக்கு விழாமப் பிடிச்சிருக்கேன். எவ்வளவு தூரம் போயிருக்கு?

— நாலு மீட்டர்.

— இன்னும் எட்டு இருக்கு. பாறை சரிஞ்சு அடைச்சிருக்கிறது பன்னிரண்டு மீட்டர். இந்தச் சுரங்கத்தை அளந்தவளே நான்தான், கணக்கு தப்பாது.

— பதறாதீங்க. ஒரு சாண் சந்து இருந்தாப் போதும், நம்ம பொண்ணு நுழைஞ்சிடுவா.

— பொண்ணா? உங்க அண்ணன் இதைப் பொம்மைன்னுதானே சொல்லுவாரு.

— "மூக்குக்கண்ணாடிக் கடையில பகல் பூரா ஃபிரேமுக்கு ஸ்க்ரூ திருகுறான், வீட்டுக்கு வந்து பொம்மைக்குத் திருகுறான்"னு சொல்லுவான். வெளிய வந்து இன்னும் நூறு தடவை சொல்லட்டும்.

— முதல்ல வரட்டும். உள்ள இருந்தது ஆறு பேரு. காலையில ஏதோ ஒரு குரல் கேட்டுச்சு, அதுக்கப்புறம் சத்தமே இல்ல. ஒருத்தர் பொழைச்சிருந்தாலே பெரிசுன்னு மீட்புக் குழு சீஃப் என் முகத்தைப் பாக்காமச் சொல்லிட்டுப் போறாரு. எந்தப் பக்கம் துளை போடணும்னு உள்ளேயிருந்து யாராவது சொன்னாத்தான் மெஷினை ஓட்டுவாங்களாம்.

— குத்துமதிப்பா போட்டா?

— மிச்சமும் இறங்கிடும்.

— அப்ப வண்டிக்கு சிக்னல் எட்டுற மாதிரி அந்த ஏரியல் கம்பியை இன்னும் ஒரு முழம் உள்ள தள்ளுங்க. போதும். இப்ப வண்டி கேமராத் திரையைப் பாருங்க, முன்னாடி செங்குத்தா ஒரு கல்லு.

— ஏறுமா, ஏறாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

— ஏறும். கடையில வாங்குன மாதிரியே விட்டிருந்தா மல்லாந்திருக்கும். முன் அச்சுல பித்தளைக் கட்டி போட்டிருக்கேன். மூக்கு கனமா இருந்தா தரையை விடாது. அப்படித்தான் கண்ணு. மெதுவா. அவசரமே இல்ல.

— ஏறிடுச்சு.

— டயரும் நான் மாத்துனதுதான். மெத்துனு ரப்பர், உள்ள நானே வெட்டி வச்ச ஸ்பாஞ்சு. கல்லைக் கையால அள்ளிப் பிடிக்கிற மாதிரி பிடிக்கும்.

— போன மாசம் சமையல் மேசையெல்லாம் ஸ்பாஞ்சுத் தூளாக் கெடந்துச்சுன்னு உங்களை வெளிய துரத்தினேன்.

— துரத்தினீங்க. மாடிப்படியில உக்காந்து மிச்சத்தை வெட்டினேன்.

— என்ன தம்பி, நின்னுடுச்சு?

— முன் சக்கரம் ரெண்டு கல்லுக்கு நடுவுல சிக்கிக்கிச்சு. பதறாதீங்க. உங்களுக்குச் சொல்லல, எனக்குச் சொல்லிக்கிறேன்.

— வெளிய எடுக்க முடியுமா?

— சக்கரத்தைத் திருப்புற மோட்டார் பழசாவே இருந்திருந்தா, உள்ள இருக்கிற பிளாஸ்டிக் பல்லெல்லாம் இந்நேரம் கொட்டியிருக்கும். அதைக் கழட்டிட்டு முழுக்க இரும்புப் பல்லா போட்டேன். திருப்புறேன்... திருப்புறேன்... அண்ணி, கல்லே நகருது.

— நகரட்டும். ஆனா வலது பக்கம் போகாதீங்க.

— வலதுலதானே அகலமா இருக்கு?

— அந்தக் கல்லுல ஈரம் கோடா இறங்குது பாருங்க. அடியில மண்ணு கரைஞ்சிருக்கும். இடதுல நீட்டிக்கிட்டு நிக்குதே, அந்தப் பாறை விளிம்புல ஏத்துங்க.

— அது நாலு விரல் அகலம்கூட இல்லையே அண்ணி.

— பாறை என் வேலை, வண்டி உங்க வேலை. ஏத்துங்க.

— ஏத்துறேன். ரெண்டு சக்கரம் அந்தரத்துல தொங்குது. அம்மாடி, விட்டுடாதே.

— வலதுல சரியுது, பாத்தீங்களா?

— பாத்தேன். அங்க போயிருந்தா புதைஞ்சிருப்பா. அண்ணி, நான் போற ரிமோட் வண்டிப் போட்டிக்கு அடுத்த தடவை நீங்களும் வந்துடுங்க.

— பேசாம ஓட்டுங்க. ஒயர் எவ்வளவு போயிருக்கு?

— பதினொண்ணு. பதினொண்ணரை. அண்ணி... எதிர்ல கல்லே இல்ல. அந்தப் பக்கம் இறங்கிட்டா.

— விளக்கைச் சுத்திக் காட்டுங்க.

— புழுதிதான் தெரியுது. ஒரு தலைக்கவசம் கெடக்கு.

— ஒண்ணுதானா?

— இருங்க. ஒரு கை. அசையுது அண்ணி. வண்டி முதுகுல கட்டுன ஃபோனை அவுக்குது.

— யாரு கை? யாருன்னு பாருங்க தம்பி.

— ஒரே புழுதி, அடையாளம் தெரியல. நீங்க இந்த முனையில எடுத்துப் பேசுங்க.

— ஹலோ. யாரு பேசுறது?

— நான்தாம்மா.

— நீங்களா... நீங்கதானா?

— அழாத, கேளு. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. நுழையும்போது இடது கைப் பக்கம் இருக்கிற சுவர் கீறல் இல்லாம நிக்குது. அந்தப் பக்கமே துளை போடச் சொல்லு.

— சொல்லிடுறேன். உங்க கூட... கூட யாராவது...

— தம்பிகிட்ட சொல்லு, வண்டியத் திருப்பி எடுத்துக்க வேண்டாம்னு. நாங்க ஆறு பேரும் அதைச் சுத்தித்தான் உக்காந்திருக்கோம், அந்த வெளிச்சத்துலதான் இப்ப ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குறோம்.