சிவப்பில் முடிகிற அளவு

பூன் லியோங்: அந்த நாடாவ உள்ள வை கெயிக். திங்கக்கெழம உடைக்கப் போற சமையல் மேடை. அத அளந்து என்ன ஆகப் போகுது?

கெயிக்: உடைச்சப்புறம் அளக்க முடியுமா? நம்ம கடையோட மொத வேல இது. ஒரு தடவ அளந்து பாத்துக்குறேனே.

பூன் லியோங்: முப்பத்தாறு வருசமா அளக்காதவ...

கெயிக்: நீ எங்க அளக்க விட்ட? வேல முடிஞ்ச அன்னிக்கெல்லாம் "வா வா, நூடுல்ஸ் சாப்பிடலாம்"னு இழுத்துக்கிட்டுப் போயிருவே.

பூன் லியோங்: பசி. பலகை அறுக்குறவனுக்குப் பசிக்கும். கோடு போடுறவளுக்கு என்ன தெரியும்?

கெயிக்: அந்தக் கோடு இல்லன்னா நீ இன்னும் ஆயர் ஈத்தாம் பட்டறையில சவப்பெட்டிக்கு ஆணி அடிச்சுக்கிட்டு இருப்பே.

பூன் லியோங்: நல்ல தொழில்தான். வாங்குனவன் எவனும் திரும்பி வந்து குறை சொன்னதில்ல.

கெயிக்: நம்மகிட்டயும் ஒருத்தர்தானே சொன்னாரு. ஜெலுத்தோங்ல இருந்த பல் டாக்டர்.

பூன் லியோங்: அத இப்ப எதுக்கு எடுக்குற?

கெயிக்: சும்மா. முப்பத்தாறு வருசத்துல ஒரே ஒரு கெட்ட வேல. அலமாரிக் கதவு ஒன்னுகூட ஒழுங்கா மூடல. ஒரே வருசத்துல அந்த மனுசன் எல்லாத்தையும் கழட்டித் தெருவுல வச்சிட்டாரு. ஏன் அப்படி ஆச்சுன்னு யோசிச்சிருக்கியா?

பூன் லியோங்: அந்தாளு முழியே சரியில்ல. பல்லு புடுங்குறவன எப்பவுமே நம்பக் கூடாது.

கெயிக்: நீ யாரத்தான் நம்புன?

பூன் லியோங்: பேச்ச மாத்தாத. நாலு மணிக்குக் கட்டடக்காரன் கடைக்கு வாடகைப் பத்திரத்த வாங்க வர்றான். இன்னும் அஞ்சு வருசத்துக்கு. நான் நேத்தே போட்டாச்சு. உன் கையெழுத்து?

கெயிக்: பெர்த்ல இருந்து என் மக டிக்கெட்டே அனுப்பிட்டா. "கடைய மூடிட்டு வாம்மா, எழுபது வயசுல எதுக்கு அடுத்தவன் வீட்டுக் குப்பைய மிதிக்கிற"ன்னு கேக்குறா.

பூன் லியோங்: அங்க போய் என்ன பண்ணுவே? கங்காருவுக்கு அலமாரி வரைவியா?

கெயிக்: தூங்குவேன். ...லியோங், நாம தொடங்குனது ஞாபகம் இருக்கா? கார்னார்வன் தெரு முடிவெட்டுற கடையில, ஒரு மூலை.

பூன் லியோங்: ஞாபகம் இல்லாம? அவனோட கண்ணாடியில உன் பிளான ஒட்டி வச்சிருப்பே. முடி வெட்ட வந்தவன் தலையத் திருப்பித் திருப்பி அதையே பாப்பான். ஒருத்தனுக்குக் காதுல கத்திரி பட்டுருச்சு.

கெயிக்: அவன்தான் நமக்கு ரெண்டாவது வாடிக்கையாளர்!

பூன் லியோங்: காதுல கட்டோட வந்து படுக்கையறை கேட்டான். ம்... பட்டர்வொர்த்துக்குக் கண்ணாடி கொண்டு போனோமே, படகுல?

கெயிக்: ஆறடிக் கண்ணாடி. நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். படகுல இருந்த பொம்பளைங்க எல்லாம் வரிசையா வந்து நின்னு தலை சீவிக்கிட்டாங்க.

பூன் லியோங்: நீயும்தான் சீவுனே. அன்னிக்கு மஞ்சச் சட்ட.

கெயிக்: அடேயப்பா. சட்டை நிறம் வரைக்குமா?

பூன் லியோங்: கண்ணாடியில வேற என்ன தெரியும்? சரி, கெளம்பு. இந்த வீட்டு ஊய் அம்மாவோட மருமக கோப்பி வாங்கிட்டு வர்றதுக்குள்ள அந்தச் சன்னல மட்டும் பாத்துட்டு...

கெயிக்: இரு. பையில பழைய பிளான் இருக்கு. பாரு, ஓரமெல்லாம் கரையான் தின்னது போக, மேடை உயரம் மட்டும் நல்லாத் தெரியுது. எண்ணூறு மில்லிமீட்டர். இந்த மேடை எண்ணூறு இருந்துச்சுன்னா நாலு மணிக்குக் கையெழுத்துப் போடுறேன். இல்லன்னா பெர்த்.

பூன் லியோங்: இது என்ன வெளையாட்டு?

கெயிக்: வெளையாட்டு இல்ல. கூட்டு சேர்ந்த அன்னிக்கு நான் போட்ட ஒரே நிபந்தன என்ன? சொல்லு.

பூன் லியோங்: ...உன் பிளான்ல கை வைக்கக் கூடாது.

கெயிக்: வச்சா?

பூன் லியோங்: அன்னிக்கே பிரிஞ்சிரலாம்.

கெயிக்: உன் சட்டைப் பையில ஒரு கோமாளி நாடா வச்சிருந்தே. சிவப்பும் கறுப்பும் கட்டம் கட்டமா. அத நான் கால்வாயில வீசுனேன்.

பூன் லியோங்: அது கோமாளி நாடா இல்ல. அளவு சிவப்புல முடிஞ்சா அந்த வீட்டுல சோறு இருக்கும், புள்ள இருக்கும். கறுப்புல முடிஞ்சா நோய், பிரிவு, கேடு. தச்சனுக்குத் தச்சன் சொல்லி வந்தது. நீ படிச்ச லண்டன்ல சொல்லித் தர மாட்டான்.

கெயிக்: "இனிமே உன் மில்லிமீட்டர்தான்"னு சொன்னே.

பூன் லியோங்: சொன்னேன்.

கெயிக்: அப்ப அளக்கலாமே. நகரு.

பூன் லியோங்: வெளிச்சம் பத்தாது.

கெயிக்: சன்னலத் தெறந்தா வந்துரும்.

பூன் லியோங்: தரை சமமா இல்ல. அப்பவே நான் சொன்னேன், இந்தத் தரை...

கெயிக்: நகரு லியோங்.

பூன் லியோங்: மரம் வேற ஊதியிருக்கும். பினாங்கு மழை. முப்பத்தாறு வருசம்.

கெயிக்: எவ்வளவு ஊதும்? பன்னெண்டு மில்லி ஊதுமா?

பூன் லியோங்: ...நீ இன்னும் நாடாவயே இழுக்கலியே. பன்னெண்டுன்னு எப்படிச் சொல்ற?

கெயிக்: ஒரு பேச்சுக்கு.

பூன் லியோங்: பேச்சுக்குப் பத்துன்னு சொல்லலாம். இருபதுன்னு சொல்லலாம். அது என்ன பன்னெண்டு?

கெயிக்: நீ ஏன் மேடை முன்னாடி காவல்காரன் மாதிரி நிக்கிற? அதச் சொல்லு முதல்ல.

பூன் லியோங்: அளக்க வேணாம். எண்ணூத்திப் பன்னெண்டு. நான்தான் கூட்டுனேன்.

கெயிக்: ம்.

பூன் லியோங்: எண்ணூறு, கேடுங்குற கட்டத்துல விழுந்துச்சு. சுத்தக் கறுப்பு. ஊய் அம்மா அப்ப மாசமா இருந்தா. எப்படிச் செய்யச் சொல்ற? நீ என் நாடாவ வீசுன அன்னிக்குச் சாயங்காலமே சந்தையில புது நாடா ஒன்னு வாங்கிட்டேன்.

கெயிக்: இது ஒன்னு மட்டும்தானா?

பூன் லியோங்: ...கேக்காத.

கெயிக்: கேக்குறேன்.

பூன் லியோங்: எல்லாம். முடிவெட்டுன கடையில காதறுந்தவன் கட்டில். பட்டர்வொர்த் கண்ணாடிச் சட்டம். ஸ்கூல் நூலகம். கூட்டியிருப்பேன், இல்ல கொறைச்சிருப்பேன். ஒரு விரல், அர விரல். உனக்குத் தெரியாம இருக்கத்தான் நூடுல்ஸ்.

கெயிக்: ஃபெரிங்கிக் கடற்கரை ஹோட்டல்ல வரவேற்பு மேசைக்கல்லு? அது ஆலையிலயே வெட்டி வந்ததே. அத எப்படி...

பூன் லியோங்: படியில தவறி விழுந்து ஓரம் ஒடஞ்சுதுல்ல?

கெயிக்: ஆமா.

பூன் லியோங்: தவறல.

கெயிக்: அடப்பாவி! அவ்வளவு பெரிய கல்லு!

பூன் லியோங்: பிரிவுல விழுந்துச்சு கெயிக். தேனிலவுக்கு வர்ற ஜோடிங்க சாவி வாங்குற மேசை. எனக்கு வேற வழி தெரியல.

கெயிக்: ஒன்னுல கூடவா நான் போட்ட அளவ அப்படியே செய்யல?

பூன் லியோங்: ஒன்னு இருக்கு. அந்தப் பல் டாக்டர். அன்னிக்கு நாடாவ வச்சுப் பாக்குறேன், நீ போட்டது பூராவும் சிவப்புலயே விழுது. உயரம், அகலம், கதவு, எல்லாம். தொட ஒன்னுமில்ல. சுவத்துல தொங்குற உன் பிளானப் பாத்து மிஷின் மாதிரி அறுத்துக் குடுத்தேன். அதுதான் கெட்டுப் போச்சு. இத்தன வருசமா மண்டையக் கொடையுது. சிவப்புல இருந்தும் ஏன் கெட்டுச்சு?

கெயிக்: யார்கிட்டயும் கேக்கலியா?

பூன் லியோங்: யாரக் கேக்குறது? கேட்டா உன் காதுக்கு வந்துரும். ...சரி. சொல்லிட்டேன். மூணாங்கிளாஸ் படிச்சவன், படிச்சவ போட்ட கோட்ட நம்பல. அதுதான் உண்மை. வாக்குத் தவறுனவன் நான். பெர்த்துக்குப் போறதுன்னா போ. கட்டடக்காரன்கிட்ட நானே சொல்லிக்கிறேன். கடைப் பேர்ல உன் பாதிய மட்டும் அழிச்சிராத. பலகை நான் செதுக்குனது.

கெயிக்: முடிச்சிட்டியா?

பூன் லியோங்: முடிச்சிட்டேன்.

கெயிக்: இந்த மொத வேலையில இருந்தே காத்துக்கிட்டு இருந்தேன், என்னிக்காவது உன் வாயாலயே சொல்லுவியான்னு. ஊய் அம்மா குடி வந்த மறுநாளே நான் இங்க வந்து அளந்துட்டேன். உன்னோட பிரிஞ்சிரலாம்னுதான் வந்தேன். அந்தம்மா வயித்தத் தள்ளிக்கிட்டு, முதுகு வளையாம நின்னு வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்தா. என் எண்ணூறுல அது முடிஞ்சிருக்காது. பேசாம இறங்கிப் போனேன்.

பூன் லியோங்: எங்க போனே?

கெயிக்: சந்தைக்கு. இந்தா, பைக்குள்ள கைய விடு... அடியில... ஆமா, அதுதான். சிவப்பும் கறுப்பும் தேஞ்சு போயிருக்கா? உன்னோடதுக்கு ஒரே ஒரு வேலைதான் இளையது. எனக்கு வேணுங்குற அளவ முதல்ல அதுல பாப்பேன், அப்புறம் ஒரு விரல் தள்ளிக் கறுப்புல வச்சு வரைவேன். நீ திருத்துவே, நான் நெனச்சது வந்துரும். திருத்துறதுக்காக நீ ஒவ்வொரு பலகையையும் நாலு தடவ அளப்பே, ராஜாவுக்குச் செய்யிற மாதிரி செய்வே. அந்தப் பல் டாக்டர் வேலையிலதான், உன்ன ஏமாத்துனது போதும்னு சரியான அளவையே போட்டேன். திருத்த ஒன்னுமில்லாமப் போக, நீ மறுபடி அளக்கவே இல்ல. பத்திரத்துல காலையிலயே கையெழுத்துப் போட்டாச்சு லியோங். இந்தா, மருமகளோட புதுச் சமையலறைப் பிளான். மேடை எண்ணூறுன்னு போட்டிருக்கேன். போ, போய் உன் வேலையப் பாரு.