நூலுக்கு மேல மூணு விரக்கடை

…பந்தி இன்னும் தயாராகலைன்னு சமையல்காரர் அங்கிருந்து கையைக் காட்டிட்டார். அதனால இப்ப என்னை யாரும் உட்காரச் சொல்ல முடியாது. அந்த தைரியத்துல ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன், கேளுங்க. ராஜா ராணி கதை இல்லீங்க. லாரிக் கதை. நாமக்கல்லுல மைக்கைப் பிடிச்சுட்டு வேற என்ன கதை சொல்றது?

நாப்பதடி ட்ரெய்லர் எல்லாரும் பார்த்திருப்பீங்க. முன்னாடி இழுக்கிற வண்டி தனி, பின்னாடி சுமக்கிற ட்ரெய்லர் தனி. அந்த ட்ரெய்லருக்கு அடியில நீளமா ரெண்டு இரும்பு ஓடும். ஒரு முனை முன்வண்டி முதுகுல உட்காரும், இன்னொரு முனை பின்சக்கரத்து மேல உட்காரும். நடுவுல? நடுவுல தாங்க ஒருத்தரும் கிடையாது. முப்பது டன்னும் அந்த ரெண்டு இரும்போட பாடு.

அந்த இரும்பு எப்படி இருக்கணும்னு வரைஞ்சு கொடுக்கிற வேலையில ஒரு பொண்ணு. மோகனப்பிரியான்னு பேரு. பட்டறையில சேர்ந்து எட்டு மாசம், தனியா வரைஞ்ச முதல் ட்ரெய்லர். பத்து வண்டிக்கு ஆர்டர். முதல் வண்டி பிடிச்சாத்தான் மிச்சம் ஒன்பது.

வண்டியைப் பார்க்க வந்தவர் அத்தப்பன். முப்பது வருஷமா லாரி ஓட்டி, லாரி வாங்கி, லாரியோடவே வாழற மனுஷன். அவருக்கு ஒரு பழக்கம்... சட்டைப் பையில எப்பவும் நூல் வச்சிருப்பார். எந்த வண்டின்னாலும் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்துக் கட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். நேரா இருந்தா வாங்குவார்.

இழுத்தார். கட்டினார். பார்த்தார்... நடுவுல இரும்பு, நூலுக்கு மேல மூணு விரக்கடை, அதான் மூணு விரல் அகலம், ஏறி நிக்குது.

"ஏனுங்க... நான் ட்ரெய்லர் கேட்டனுங்களா, ஒட்டகம் கேட்டனுங்களா?"

முதலாளி துரைராசுக்கு முகம் செத்துப்போச்சு. என்னமோ தப்பாயிருச்சுங்க, சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறோம்னு கெஞ்சறார். ஜாக்கியைக் கொண்டா, சங்கிலியைக் கொண்டா, நடுவுல அமுக்கி நேராக்குன்னு ஆளுங்களை விரட்டறார். நாலு பேர் சங்கிலியோட ஓடி வர்றாங்க.

இந்தப் பொண்ணு என்ன செய்யலாம்? பேசாம நிக்கலாம். பேசாம நின்னா வேலை பிழைச்சுக்கும். ஆனா வண்டி? அந்தப் பொண்ணுக்கு மனசு கேக்கலை. குறுக்கே வந்து முதலாளி முன்னாடி நின்னுருச்சு.

"அண்ணா, அது தப்பு இல்லீங்க. நான்தான் வளைச்சேன்."

"வளைச்சியா? வேணும்னேவா அம்மணி?"

"ஆமாங்கண்ணா. வேணும்னேதான்."

அந்தப் பொண்ணு அத்தப்பன் பக்கம் திரும்பிச் சொல்லுச்சு: "வெறும் வண்டிக்கு நூல் பிடிக்கறீங்க அய்யா. நீங்க வெறும் வண்டியா ஓட்டப் போறீங்க? முப்பது டன்னை ஏத்திட்டுப் பிடிங்க."

நியாயமாத்தானே இருக்கு? அத்தப்பனும் சரின்னுட்டார். நேரா வரலைன்னா ஆர்டர் இல்லைன்னு அவர் ஒரு பக்கம். நேரா வரலைன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்னு முதலாளி இன்னொரு பக்கம்.

பட்டறையில கிடந்த இரும்புத் தகடுங்களையே கட்டுக்கட்டா கிரேன்ல தூக்கி ஏத்தினாங்க. நூலை அவுக்கலை. அஞ்சு டன்... பத்து டன்... மூணு விரக்கடை ரெண்டாச்சு. இருபது டன்... ஒண்ணாச்சு. எல்லாத்தையும் ஏத்தி முடிச்சாங்க. பார்த்தா... அரை விரக்கடை மிச்சம் நிக்குது.

அத்தப்பன் நூலை அவுக்கப் போறார். முதலாளி தலையில கைய வச்சுட்டார். அந்தப் பொண்ணு கணக்கு நோட்டைத் திருப்பித் திருப்பிப் பாக்குது, கண்ணு கலங்கிருச்சு. அப்ப கிரேன் மேலிருந்து ரஷீத் பாய் சாவகாசமா கேக்கறார்: "ஏம்மா, செவுத்தோரமா இன்னும் ஒரு கட்டு கிடக்கே, அது வேண்டாமா?"

அதையும் ஏத்தினாங்க, அப்பத்தான் முப்பது டன் முழுசாச்சு. நூல் இரும்போட ஒட்டிக்கிச்சுங்க. இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும், கோடு போட்ட மாதிரி.

அத்தப்பன் குனிஞ்சு பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். எல்லாத்தையும் இறக்கச் சொன்னார். இறக்க இறக்க, அது மெதுவா எழுந்து பழையபடி மூணு விரக்கடை நின்னுச்சு. மனுஷன் சிரிச்சுட்டார். "மிச்சம் ஒன்பதையும் இப்படியே வளைச்சுக் குடுங்க"ன்னார். நேராக்கிக் கொடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்? முதல் லோடுலயே தொட்டில் மாதிரி தொங்கியிருக்கும்.

சரி... கல்யாணத்துல எதுக்குய்யா ட்ரெய்லர் கதைன்னு கேக்கறீங்க. சொல்றேன். வாசல்ல சந்தனம் எடுக்கும்போது ஒரு அத்தை சொன்னது காதுல விழுந்துச்சு. பேர் சொல்ல மாட்டேன், முதல் வரிசையிலதான் இருக்காங்க. "கல்யாணப் பொண்ணு ரொம்பத்தான் சத்தமா சிரிக்குது. நாலே மாசத்துல நேராக்கிடலாம்"னாங்க.

அத்தை... வேண்டாம். இன்னைக்கு இது வெறும் வண்டி. நாளைக்குக் குழந்தை வரும், அது தூங்கவிடாது. பெரியவங்க ஆஸ்பத்திரியில படுப்பாங்க. ஊர் மாறணும், வேலை மாறணும். சுமை வராத வீடு எது, சொல்லுங்க? அன்னைக்கு அந்தச் சிரிப்பு தானா அடங்கும். அடங்கி, உங்க வீட்டையே தாங்கும். சுமை இறங்கினதும் திரும்ப எழுந்துக்கும். இன்னைக்கே அமுக்கிட்டீங்கன்னா, அன்னைக்குத் தாங்கறதுக்கு என்ன இருக்கும்?

மாப்பிள்ளை நவீன், உங்களுக்கும்தான். அடியில ரெண்டு இரும்புன்னு சொன்னேனே, கவனிச்சீங்களா? ஒண்ணு மட்டும் வளைஞ்சு இன்னொண்ணு விறைப்பா இருந்தா வண்டி கோணிக்கும். போட்டோ எடுத்து முடிச்சுட்டாங்க... நீங்களும் கொஞ்சம் சிரிக்கலாம்.

சுகந்தி, கண்ணு, நீ எதையும் குறைச்சுக்காதே. சத்தமாவே சிரி... அதோ, பாருங்க, சிரிக்குது. இருக்கட்டும் விடுங்க.