பேசும் சாரின் பதில்

வீட்டில் பழைய வீடியோ கேசட் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மேடம். உங்கள் கல்யாண கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது, இனி தேறாது என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டதாக ஜீப்பில் வரும்போது சொன்னீர்கள். அவர் பேச்சை நம்ப வேண்டாம். பூஞ்சையைத் துடைக்கலாம், அறுந்த நாடாவை ஒட்டலாம். எங்கள் பிரிவில் என் உதவியாளரிடம் கொடுங்கள். என்மேல் புகார் கொடுத்தவள்தான், ஆனாலும் வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது.

பல்கலைக்கழக நூலகத்தில் டிஜிட்டல் சேகரிப்புகளுக்கு நான் பொறுப்பாளர். நூலகம் என்றதும் எல்லோருக்கும் புத்தகம்தான் நினைவுக்கு வரும். என்னிடம் வருபவை வேறு. ஓட்டிப் பார்க்க இயந்திரமே கிடைக்காத ஒலிநாடா, எந்தக் கணினியிலும் திறக்காத பழைய தட்டு, மாணவர்கள் செய்த விளையாட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டால் உள்ளே நடந்து போகலாம் என்கிற மாதிரி படமெடுத்த கட்டடம். எது வந்தாலும் கோப்பாக்கி மூன்று வெவ்வேறு இடங்களில் பிரதி வைப்போம். வாரா வாரம் மூன்றையும் கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு புள்ளி மாறியிருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

சுருக்கமாகச் சொன்னால் என் வேலையே சந்தேகப்படுவதுதான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மனைவி போனில் பேசும்போது சிரித்தால், யாரைப் பற்றிச் சிரிக்கிறாள் என்று காதைத் தீட்டிக்கொள்வேன். பெரும்பாலும் என்னைப் பற்றித்தான்.

என் மாமனார், மூலப் பதிவுகளை வைக்கும் எங்கள் குளிர் அறையில் இறந்தது ஊருக்கே தெரியும். விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். நீங்கள் மட்டும் நம்பவில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன், அதனால் உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

மாமா அதே பல்கலைக்கழகத்தில் ஆறுகளையும் வெள்ளத்தையும் ஆராய்ந்த பேராசிரியர். பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கல்யாணமான புதிதில் உறவுக்காரர் ஒருவர் என்னிடம் என்ன வேலை என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டு, "டப்பா அடுக்குறார்" என்றார். வீடே சிரித்தது. அன்றிலிருந்து நான் டப்பா மாப்பிள்ளை. மச்சினன் பிள்ளைகளுக்கு டப்பா மாமா. என் மனைவியும் சிரிப்பாள், பிறகு என் தட்டில் கொஞ்சம் கூடுதலாகப் பரிமாறுவாள். நானும் கூடவே சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். வேறென்ன செய்ய முடியும்.

எங்கள் நூலகத்துக்குப் புதிதாக ஒரு வடிவம் வந்தது. ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றிலும் கேமராக்கள் வைப்போம். நாள் கணக்கில் கேள்வி கேட்டுப் பதில்களைப் பதிவு செய்வோம். பிற்பாடு யார் வந்து எதைக் கேட்டாலும், திரையில் அவர் ஆளுயரத்துக்கு உட்கார்ந்து, பொருத்தமான பதிலைத் தன் வாயாலேயே சொல்லுவார். ஆள் போன பிறகும் பேச்சு நிற்காது. முதல் ஆளாக மாமாவைத் தேர்ந்தெடுத்தது நூலகக் குழு. நான் சிபாரிசு செய்யவில்லை. பிள்ளைகள் அதற்குப் 'பேசும் சார்' என்று பெயர் வைத்தார்கள்.

பதிவின்போது கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். கேள்வி கேட்ட மாணவி கடைசியில், இதையெல்லாம் உருவாக்குவது உங்கள் மாப்பிள்ளைதானே, அவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாள். அந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்தது நான்தான். அதை உங்களிடம் மறைப்பானேன்.

"அவரா? நல்ல மனுஷன். டப்பா அடுக்குறதுல கெட்டிக்காரர்" என்றார் மாமா. தொடையில் தட்டிச் சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், மேடம். வீட்டுக்குள் சொன்ன கேலி அந்தத் தலைமுறையோடு போய்விடும். இது போகாது. மூன்று இடங்களில் மூன்று பிரதியாக, வடிவம் மாற மாற அதையும் மாற்றி, ஒரு சிரிப்புக்கூடச் சிந்தாமல் காப்பாற்ற வேண்டும். காப்பாற்ற வேண்டியவன் நான். அன்று எனக்கு வயிறு எரிந்தது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

அதனால் பழுது பார்த்தேன். மூலப் பதிவைத் தொடவில்லை. வாராந்தர ஒப்பீட்டில் சேராத, பார்வையாளர்களுக்குப் போகும் பிரதியில் அந்த ஒரு பதிலை மட்டும். இப்போதெல்லாம் ஒருவர் குரலும் முகமும் போதிய அளவு கையில் இருந்தால், நாம் தட்டச்சு செய்வதை அவரே சொல்லுவார். தட்டச்சு செய்தேன். 'மாப்பிள்ளை எனக்குப் பிள்ளை மாதிரி. அவர் இல்லன்னா இது எதுவும் மிஞ்சியிருக்காது.' கடைசிச் சொல்லில் அவர் குரல் லேசாகத் தழுதழுத்தது. நான் அப்படிக் கேட்கவில்லை, தானாக வந்தது. அவர் மனதில் அது இருந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

திறப்பு விழாவுக்கு முன் மாமா பார்க்க வந்தார். மனைவியும் கூட வந்தாள். திரையில் இருந்த தன்னிடமே வெள்ளத்தைப் பற்றிக் கேட்டு, 'சரியாத்தான் சொல்றான்' என்று குழந்தை மாதிரி குதூகலித்துக்கொண்டிருந்தார். என்னைச் சந்தோஷப்படுத்த நினைத்து மனைவி என்னைப் பற்றிக் கேட்டுவிட்டாள். பேசும் சார் பதில் சொன்னார். அவள் கண் கலங்கிவிட்டது. மாமா திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

மறுநாள் தனியாக வந்தார். "நான் இப்படிச் சொல்லல, மாப்ள" என்றார். வயதானால் மறந்துபோகும் மாமா, அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றேன். அவர் போனதும் மனைவியைக் கூப்பிட்டு, அப்பாவுக்கு மறதி அதிகமாகிறது, டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது என்றேன். அவள் ஆடிப்போய்விட்டாள். அப்புறம் அவர் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பப் போய் இழுத்துப் பார்த்தாலும், பேரன் பெயரை மாற்றிக் கூப்பிட்டாலும் அவளுக்குத் திக்கென்றது. கொஞ்ச நாளில் மாமாவே தன்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தார். மாத்திரை போட்டேனா என்று மகளிடம் கேட்டுக்கொண்டு நிற்பார். அத்தோடு விட்டிருந்தால் இன்றைக்கும் உயிரோடு இருந்திருப்பார். நான் அவ்வளவுதான் எதிர்பார்த்தேன்.

ஆனால் ஆராய்ச்சிக்காரர் இல்லையா, விடவில்லை. "மூலத்தைப் போட்டுக் காட்டுங்க. நான் சொல்லியிருந்தா டாக்டர்கிட்ட நானே போறேன். சொல்லலன்னா விழா மேடையிலயே சொல்லிடுவேன்" என்றார். மேடையில் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒரு பதிலில் கை வைத்தவன் வேறு எதில் வைத்தானோ என்று கேட்பார்கள். நான் இதுவரை காப்பாற்றி வைத்த எல்லாமே சந்தேகத்துக்கு உரியதாகிவிடும்.

மூலப் பதிவுகள் குளிர் அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்பது எங்கள் விதி. கேட்க வேண்டுமானால் உள்ளேயே மேசை உண்டு. தீப்பிடித்தால் அங்கே தண்ணீர் அடிக்க முடியாது, நாடா வீணாகிவிடும். அதனால் கதவு மூடிக்கொண்டு ஒரு வாயு அறையை நிறைக்கும். நெருப்பும் அணைந்துவிடும், மூச்சும் விட முடியாது. முன்னதாக மணி அடிக்கும், சிவப்பு விளக்கு சுற்றும். கேட்டதும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று ஊழியர்களுக்குப் பயிற்சி உண்டு. மாமா ஊழியர் இல்லை. அவரைக் கதவுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தேன். ஹெட்போன் போட வேண்டுமென்று காது கேட்பதற்காக மாட்டியிருந்த கருவிகளைக் கழற்றிக் கொடுத்தார். அவை எப்படி என் மேசை இழுப்பறைக்கு வந்தன என்று கேட்டீர்களே, இப்படித்தான். தொலைந்துவிடக் கூடாது என்று பத்திரமாக எடுத்து வைத்தேன்.

நான் ஏமாற்றவில்லை. அசல் மூலத்தையே போட்டேன். தன் பகடியைக் கேட்டு அவரே சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஹெட்போனைக் கழற்றினார். காது கேட்காததால் கொஞ்சம் சத்தமாகவே பேசினார்.

"இதையா இத்தன வருஷம் மனசுல வெச்சிருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மாப்ள. மறுபடி உட்கார்றேன். உங்களப் பத்தி நல்லபடியா, நானே சொல்றேன். அந்தப் பொய்ய மட்டும் எடுத்துடுங்க. மேடையில எல்லாம் ஒண்ணும் பேச மாட்டேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். இதை நான் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரிந்திருக்காது, அந்த அறையில் கேமரா இல்லை. அவர் பெரிய மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் யோசித்துப் பாருங்கள், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதற்காகச் சொல்லும் வார்த்தை என்ன வார்த்தை? பிச்சை போடுகிற மாதிரி. அதைவிட ஏற்கெனவே இருப்பது எவ்வளவோ மேல்.

இன்னொரு முறை கேளுங்கள் என்று சைகை காட்டினேன். நல்ல பிள்ளையாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். நான் வெளியே வந்து வாயுவைத் திறந்துவிடும் பொத்தானை அழுத்தினேன். கதவில் சின்னதாகக் கண்ணாடி இருக்கிறது. நான் பார்க்கவில்லை. அந்த வாயுவால் நாடாக்களுக்கு ஒரு கெடுதலும் வராது என்று தெரியும். கேன்டீனுக்குப் போய் டீ குடித்தேன்.

உள்ளேயும் அதே மாதிரி ஒரு பொத்தான் இருப்பதால், மறதிக்காரர் கதவு திறக்கும் என்று நினைத்து அழுத்தியிருப்பார் என்று எல்லோரும் முடிவுக்கு வந்தார்கள். முதலில் அதைச் சொன்னது என் மனைவி. அப்பாவைத் தனியாக விட்டது தன் தப்பு என்று இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள்.

உதவியாளர் எப்படிக் கண்டுபிடித்தாள் என்பது எனக்குப் புரிகிறது. மாமாவின் சாவுக்குப் பிறகு அவள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியூரில் இருக்கும் மூலத்தின் பிரதியை வரவழைத்து, பேசும் சாரின் பதில்களோடு ஒன்றொன்றாக ஒப்பிட்டிருக்கிறாள். நான் பழக்கிய பெண், வேறெப்படிச் செய்வாள். அந்தப் பிரதியை அழிக்க எனக்கு அதிகாரம் இருந்தது, நேரமும் இருந்தது. அழித்திருந்தால் நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். ஆனால் சேகரிப்புக்கு வந்துவிட்ட ஒன்றை அழிப்பது என்னால் ஆகாத காரியம், மேடம்.

வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன். எனக்கு ஒரு வேண்டுகோள்தான் உண்டு. உதவியாளர் அந்தப் பதிலைப் பழையபடி மாற்றப் போகிறாளாம், நீங்கள் தடுக்க வேண்டும். என் மனைவி அடிக்கடி போய்ப் பேசும் சாருக்கு முன்னால் உட்கார்ந்துகொள்கிறாள். அம்மாவைப் பற்றிக் கேட்பாள், வெள்ளத்தைப் பற்றிக் கேட்பாள், எழுந்து வருவதற்கு முன் என்னைப் பற்றியும் ஒரு தடவை கேட்பாள். அதை மட்டும் அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள். மாமா என்னைப் பற்றி மனசாரச் சொன்னது அது ஒன்றுதான்.