கையும் நடக்கட்டும்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா ராஜேந்திரன் அவர்களே, முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பால்புட்டியுமாக வந்திருக்கும் தாய்மார்களே, பந்தல்காலில் சாய்ந்தபடி சாப்பாட்டு வாசனையைக் கவனித்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் இந்தக் கீர்த்தனாவின் வணக்கம்!

வேங்கிக்கால் அங்கன்வாடிக்கு இன்று புதுக் கட்டடம். சுவரைப் பற்றிப் பேசினார்கள். கூரையைப் பற்றிப் பேசினார்கள். நான் தரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தரையில் விரியப்போகும் ஒரு வட்டத்தைப் பற்றி. இதோ, இந்த மேசையில் மடிந்து கிடக்கிறதே, இதைப் பற்றி!

குவில்ட் என்று இதற்குப் பெயர். துண்டுத் துணிகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த விரிப்பு. இங்கே வரும் பிள்ளைகள் இருபது பேர். வீட்டுக்கு ஒரு துணி கேட்டோம். அப்பாவின் சட்டை வந்தது. அர்ச்சகர் வீட்டுப் பட்டுக் கரை வந்தது. அக்காவின் பள்ளிப் பாவாடை வந்தது. எல்லாமே சின்னத் துணி. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு துண்டுதான் வெட்டலாம். தவறினால்? அந்த வீடு வட்டத்தில் இல்லை!

எங்கள் தையல் குழுவின் தலைவி வித்யாலக்ஷ்மி ஒரு ஸ்கேல் வரவழைத்தார். என்ன ஸ்கேல் அது! கண்ணாடி போலத் தெளிவு. தர்பூசணிக் கீற்றைப் போலக் கீழே குறுகல், மேலே அகலம். அப்படி இருபது கீற்றுகள் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். ஸ்கேலைத் துணிமேல் அழுத்தி, அதன் ஓரமாகச் சக்கரக் கத்தியை உருட்ட வேண்டும். அவ்வளவுதான்.

யாரது, பீட்சா கத்தியா என்று கேட்பது? மணிவேல் அண்ணாவா? அண்ணா, பீட்சா கோணலானால் தின்று மறைத்துவிடலாம். துணி கோணலானால்?

யார் வெட்டுவது என்ற கேள்வியே எழவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி எங்கள் குழுவுக்கு வரும் பச்சையம்மாள் அக்கா இருக்க, இன்னொருவர் கத்தியைத் தொடுவாரா? அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் பாதி ரவிக்கை அவர் கைவேலை.

"ஒரு பிளாஸ்டிக் துண்டு எனக்குச் சொல்லிக் குடுக்கப் போவுதா? நவுரு நவுரு" என்றார் அக்கா. ஆனாலும் அதே ஸ்கேலை வைத்துத்தான் வெட்டினார். தைத்தோம். தரையில் விரித்தோம்.

விரியவில்லை.

ஓரம் படுத்தது. நடு எழுந்தது. அழுத்தினோம், அடங்கவில்லை. கூம்பி, நிமிர்ந்து, நின்றது ஒரு மலை!

"இன்னாடி இது, அண்ணாமலையாரே உள்ள வந்துட்டாரு" என்றார் எங்கள் குழுவின் ஜோதியம்மாள். எல்லாரும் சிரித்தோம். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. தன் கத்தரிக்கோலை, எப்போதும் அதைப் பொதிந்து வைக்கும் நீலத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார் அக்கா.

"இருவது வூட்டுத் துணியையும் பாழ் பண்ணிட்டேன். நாளைலேர்ந்து வரல. வேற ஆளப் பாத்துக்கோங்க."

வித்யாலக்ஷ்மி ஒரு பழைய செய்தித்தாளை நீட்டினார். "அக்கா, போறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ வெட்டிட்டுப் போங்க. நான் பேப்பரப் பாக்கப் போறதில்ல. உங்க கையப் பாக்கப் போறேன்."

அக்கா வெட்டினார். வலக்கைக் கத்தி மேலே ஓடியது. ஸ்கேலை அழுத்திய இடக்கை கீழ்முனையிலேயே இருந்தது.

"இந்தக் கை குந்திக்கினே கீது, அந்தப் பக்கம் ஸ்கேல் நழுவுது பாரு!" என்று கத்தினார் ஜோதியம்மாள்.

ஒரு வேர்க்கடலைப் பருப்பின் அகலம். அவ்வளவுதான் நழுவல். அந்த அளவுக்குக் கீற்றின் அகலம் குறையும். இருபது முறை நழுவினால்? மலை!

அன்பானவர்களே, பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றி லட்சம் கால்கள் நடக்கும் ஊர் அல்லவா இது? இங்கேயா ஒரு கை நடக்க மறந்தது? ஸ்கேல் நகராமல் நிற்க வேண்டுமா, கை நகர வேண்டும்! கத்தி ஒரு சாண் போனால், விரல்களும் ஒரு சாண் போக வேண்டும்! ஓரிடத்தில் இறுகப் பிடிப்பதா உறுதி? கூடவே போவதல்லவா உறுதி!

சரி, வெட்டிய துணி? வித்யாலக்ஷ்மி ஒரு தையலைப் பிரித்தார். மலையைக் கையால் அழுத்தினார். மலை படுத்தது. பிரித்த இடத்தில் ஒரு வாய் திறந்தது. அந்த இடைவெளியில் ஸ்கேலை வைத்தார். கிட்டத்தட்டக் கச்சிதம்.

"இன்னும் ஒரு துண்டுக்கு எடம் இருக்கு."

யாருடைய துணி? எல்லாக் கண்களும் ஒரே பக்கம் திரும்பின.

"என்னையா பாக்குறீங்க? எனக்கு இங்க கொழந்த ஏது? என் துணி எதுக்கு?"

"இருவது கொழந்தயும் நீங்க வெட்டுனதுமேலதான்க்கா உக்காரப் போவுது" என்றேன்.

அக்கா பையைத் திறந்தார். கத்தரிக்கோலை வெளியே எடுத்து வைத்தார். அதைச் சுற்றியிருந்த நீலத் துணியை உதறினார். ஸ்கேலை வைத்தார். கத்தி நகர்ந்தது. கையும் நடந்தது. கீழிருந்து மேல்வரை, ஒரு விரல் பின்தங்காமல்!

பச்சையம்மாள் அக்கா, கடைசி வரிசையில் ஏன் ஒளிகிறீர்கள்? வாங்க. ஐயா, கொஞ்சம் வழிவிடச் சொல்லுங்கள். இந்த ஓரத்தை நீங்கள் பிடியுங்கள் அக்கா. நான் அந்த ஓரம்.

பாருங்கள்! எங்கே மலை? காணோம்! இருபது வீடுகள். இடையில் ஒரு நீலம்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பொறுமையிழந்தும் போகாமல் நின்ற மணிவேல் அண்ணாவுக்கும் நன்றி. தாய்மார்களே, இதற்குமேல் நான் பேசினால் துணிக்குக் கோபம் வரும். பிள்ளைகளை இறக்கிவிடுங்கள்.

அட, முதல் பிள்ளை நேராக நீலத்துக்கே போகிறது!

வணக்கம்.