நின்று நின்று ஓடும் படம்

— கொஞ்ச நேரம் ஒரு இடத்துல உக்காரேன்டா. நீ நடக்கிற நடையில தரை தேஞ்சு கீழ் வீட்டுக்குள்ள விழப்போற.

— அஞ்சு மணிக்கு டாக்ஸி வந்துடும்மா. அதுக்குள்ள இதை ஆர்டர் பண்ணலைன்னா, நான் அடுத்த லீவுக்கு வர்ற வரைக்கும் அப்பா இப்படியேதான் படம் பார்ப்பார். படம் சேத்து வெக்க ரெண்டு ஹார்ட் டிஸ்க் போடற பெட்டியா, நாலு போடற பெட்டியா? நீ ஒண்ணைச் சொல்லு, நான் அமுக்கிடறேன்.

— எங்கிட்ட கேட்டா? நான் கண்டது மளிகைப் பெட்டியும் மாவுப் பெட்டியும்தான்.

— சுருக்கமா சொல்றேன் கேளு. இப்போ படமெல்லாம் இந்த ரூம்ல இருக்கிற கிழட்டுக் கம்ப்யூட்டர்ல கிடக்கு. இங்கேருந்து வை-ஃபையில ஹால் டிவிக்குப் போகணும். ஃபோர் கே படம், ஒண்ணு ஒண்ணும் அறுபது ஜிபி. இதுக்கு மூச்சு வாங்குது. அதனாலதான் டிவியில வட்டம் சுத்திச் சுத்தி நிக்குது. படத்தையெல்லாம் அந்தப் பெட்டியில போட்டு, டிவி வரைக்கும் ஒரு ஒயரை இழுத்துட்டா தண்ணி மாதிரி ஓடும்.

— சுத்தினா சுத்திட்டுப் போகுது. யார் குடி முழுகிப் போச்சு? ஆமா, காலையில டிவிக்குப் பின்னாடி என்னத்தக் குடைஞ்சுட்டு இருந்த?

— சும்மா ஒரு சோதனை. அப்புறம் சொல்றேன்.

— இந்தா, நின்னுடுச்சு. வந்து பாரு.

— அப்பா கூப்பிடறார். இதோ வரேங்க.

— நின்னுடுச்சா? இன்னிக்குமா? அது எப்படி... இரும்மா, நான் போய்ப் பார்க்கறேன்.

— நீ உக்காரு. எனக்குத் தெரியும் அது.

— என்னம்மா இது, போய்ப் பத்து நிமிஷமாச்சு. ரிமோட்ல ஒரு பட்டன் அமுக்க இவ்வளவு நேரமா?

— அப்பாவுக்கு இடது கால் மரத்துப் போகுதாம்டா. ஒரு வாரமா இருக்காம், மனுஷன் இப்பத்தான் வாயைத் திறக்கறார். நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.

— கட்டாயம் போங்க. படம் மறுபடி ஓடுதுல்ல?

— ஓடுது, ஓடுது.

— அப்போ டிவியிலயேதான் கோளாறோ? மண்டை காயுது எனக்கு. சரி விடு. ரெண்டு டிஸ்க்னா ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல அதே படம் இருக்கும். நாலுன்னா இடம் தாராளம்.

— அதுக்குள்ள விசிறி ஓடும்னு நேத்து சொன்னியே. சத்தம் போட்டா அவருக்குப் பிடிக்காது.

— இது சத்தமே போடாத மாடல்.

— விளக்கு வேற மினுக் மினுக்குனு எரியும்.

— அணைச்சு வெச்சுக்கலாம்.

— எங்க வெக்கிறதாம்? ஹால்ல கால் வெக்க இடமில்ல.

— ஷூ ரேக் மேல வெக்கலாம். அம்மா, நான் ஒரு வழி சொன்னா நீ ஒன்பது முட்டுக்கட்டை போடற. இதுல வேற, வை-ஃபை பெட்டியைக் காணோமேன்னு நேத்து பூரா தேடினா, இரும்பு பீரோவுக்குள்ள போர்வைக்கு நடுவுல இருக்கு. கதவு இடுக்குல ஒயரை விட்டு எவ்வளவு பக்குவமா வெச்சிருக்க. இரும்புக்குள்ள பூட்டினா சிக்னல் எப்படி வெளிய வரும்?

— தூசி படியுதேன்னு வெச்சேன்.

— தூசிக்குப் பயந்து வை-ஃபையை பீரோவுல வெச்ச ஒரே ஆள் நீதான்.

— இந்தா, நின்னுடுச்சு. வந்து பாரு.

— வரேங்க.

— போ, போ. நான் இங்கயே நடந்துட்டு இருக்கேன்.

— அடேயப்பா, சிரிச்சு வயிறே வலிக்குது. துறைமுகத்துல ஒரு தடவை புயல்காத்துன்னு அப்பாவோட கிரேனை நிறுத்திட்டாங்களாம். கீழ இறங்க முடியாம ஆறு மணி நேரம் அந்தக் கூண்டுக்குள்ளயே உக்கார்ந்திருந்தாராம். பொழுது போகாம எங்க கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்கன்னு ஒவ்வொருத்தரா எண்ணிப் பார்த்தாராம். நாப்பது வருஷமா கூட இருக்கேன், இப்பத்தான் சொல்றார்.

— உங்கிட்ட நல்லாத்தான் பேசறார். நான் வந்து நாலு நாளாச்சு. ‘சாப்டியா, தூங்கினியா’, அதோட சரி. பக்கத்துல போய் உக்கார்ந்து என்ன கேட்டாலும் கையைக் காட்டி ‘இரு’ங்கறார்.

— நீ படம் ஓடறப்போ போய்ப் பேசினா? முப்பத்திரண்டு வருஷம் துறைமுகத்துல கிரேன் ஓட்டின மனுஷன்டா. கொக்கியில சுமை அசையறப்போ வாயைத் திறக்கக் கூடாது. நிறுத்தினாத்தான் பேச்சு. அது உடம்போட ஊறிப் போச்சு. எதுவும் கண்ணு முன்னாடி அசைஞ்சா அவருக்கு வாய் வராது.

— சரி, மணி நாலே முக்கால். நாலு டிஸ்க்கே போட்டுடறேன். அமுக்கட்டா?

— வேண்டாம்.

— ஏம்மா?

— வேண்டாம்னா விடேன்.

— காரணம் சொல்லு. நீதான் ஒரு படத்துக்கு எட்டுத் தடவை எழுந்து ஓடற. உன் முழங்காலுக்காகவும்தான் இதை வாங்கறேன்.

— என் முழங்காலை நான் பார்த்துக்கறேன். நீ இங்க இருக்கிறது வருஷத்துல பத்து நாள். மிச்ச நாளெல்லாம் இந்த வீட்டுல நாங்க ரெண்டு பேரும், அந்த டிவியும். காலையில போட்டார்னா ராத்திரி வரைக்கும் ஓடும். போன வருஷம் ஒரு தடவை வட்டம் சுத்தி நின்னுச்சு. ‘என்னாச்சு பாரு’ன்னு கூப்பிட்டார். நான் போய் நின்னேன். அது சுத்தி முடியற வரைக்கும் பேசினார்டா. எனக்கு அழுகையே வந்துடுச்சு. மறுநாள் நிக்கவே இல்ல. அதுக்கு மறுநாளும் நிக்கல. அப்புறம்தான் நான் அந்தப் பெட்டியை எடுத்து பீரோவுக்குள்ள வெச்சேன்.

— அம்மா.

— தூசிக்காக இல்ல. இப்போ நீ தண்ணி மாதிரி ஓட விட்டுட்டுப் போயிட்டா, அப்புறம் அவர் எப்போ என்னோட பேசுவார்?

— இந்தா, நின்னுடுச்சு. வந்து பாரு.

— இதோ... கையை விடுடா, அப்பா கூப்பிடறார்.

— ஒரே நிமிஷம். காலையில டிவிக்குப் பின்னாடி குடைஞ்சேன்ல, படத்தைப் பென் டிரைவ்ல போட்டு டிவியிலயே சொருகிட்டேன். இன்னிக்குக் கம்ப்யூட்டரும் கிடையாது, வை-ஃபையும் கிடையாது. இப்பத்தான் எனக்கு உறைக்குது. காலையிலேருந்து அது தானா நிக்கவே இல்லம்மா, அப்பாதான் நிறுத்தறார்.