வேலியோரம் கழன்ற சட்டை

தலைமை தாங்கும் லெஹோட்கா நகரத் தலைவர் அவர்களே, கால்பந்துக் கழகத்தின் மூத்தோரே, மைதானச் சேற்றைத் துவைத்துத் துவைத்தே கை தேய்ந்த தாய்மார்களே, பின்வரிசையில் பிளம் சாராயத்தைக் கோட்டுக்குள் ஒளித்திருக்கும் பெருமக்களே, ஹெட்விகாவின் வணக்கம்.

என் கணவர் வெண்டெலின் பயிற்சியாளராகத் தொடரலாமா என்று கேட்டு என்னை மேடையேற்றியிருக்கிறீர்கள். பதிலை முடிவுசெய்துகொண்டுதான் வந்தேன். அதற்குமுன் என் பயத்தைக் கேளுங்கள்.

ஒன்பதாம் எண் சட்டையில் அவர் முன்கள வீரராகப் பறந்த நாளில் எதை அஞ்சினேன்? அவர் முழங்காலை அஞ்சினேன். பயிற்சியாளராகக் கோட்டோரம் நின்ற நாளில் எதை அஞ்சினேன்? அவர் நெஞ்சை அஞ்சினேன். கோல் விழுந்தால் நீங்கள் கூத்தாடினீர்கள். நானோ அவர் நிற்கிறாரா, சாய்கிறாரா என்று பார்த்தேன். அஞ்சி அஞ்சியே என் ஆயுளில் பாதி அழிந்தது. சென்ற குளிர்காலத்தில் அந்த நெஞ்சைப் பிளந்து தைத்தார்கள். "யார்கிட்டயும் சொல்லாத. பசங்க பயந்துடுவாங்க" என்றார். முழங்கால் வைத்தியம் என்று ஊரை நம்பவைத்தோம்.

வந்தது கடைசி ஆட்டம். ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். சமன் செய்தாலே பிழைப்போம். கடைசி நிமிடத்தில் பெனால்டி. நம் இளம் வீரன் பிளாஜேய் அடித்தான். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டோம்.

பிறகு நடந்தது நம் ஊர் வழக்கம்தானே? தோற்றுத் தாழ்ந்த அணி ரசிகர்கள் நிற்கும் வேலிக்கு வரவேண்டும், சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெற்றுடம்போடு போகவேண்டும். தீப்பந்தம் எரிந்தது. கம்பி குலுங்கியது.

"இந்தச் சட்டைக்கு நீங்க லாயக்கில்ல. முதல்ல அந்தப் பிளாஜேய் கழட்டட்டும்டா." ஒலிபெருக்கியில் யார் குரல்? சிரிக்காதே செர்வாட்ஸ், ரசிகர் கூட்டத்துக்குத் தலைவனான உன் குரல்தான்.

வெண்டெலின் முன்னால் வந்தார். "அவன் கை கால் நடுங்கினதப் பார்த்துட்டும் அடிக்கச் சொன்னது நான். சட்டை வேணும்னா என்னோடத எடுத்துக்கோ."

"வேண்டாம்" என்று நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. பொத்தான்கள் கழன்றன. தொண்டைக்குழியிலிருந்து மேல்வயிறுவரை ஓடிய தையல் தழும்பு அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் தெரிந்தது. கம்பியைக் குலுக்கியவர்கள் கையை எடுத்தார்கள்.

"என்ன கோச் இது?" ஒலிபெருக்கியை அணைக்க மறந்து கேட்டான் செர்வாட்ஸ்.

"பழுது பார்த்த இடம். சீக்கிரம் வாங்கிக்கோ, குளிருது."

அவன் சட்டையை வாங்கவில்லை. தன் கழுத்துச் சால்வையைக் கம்பி வழியே தள்ளினான். "போத்திக்குங்க கோச். உங்க வீட்டம்மா எங்களைக் கொன்னுடுவாங்க."

அது ஒன்றை மட்டும் சரியாகச் சொன்னான்.

பெருமக்களே, "முடியாது" என்று சொல்லத்தான் வந்தேன். காலையில் அந்தச் சால்வையைத் துவைக்கத் தேடினேன். காணவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு பிளாஜேய்க்குப் பெனால்டி பழக்கப் போய்விட்டார் மனிதர். பூட்டி வைத்தால் தேறுகிற நெஞ்சா அது? நீங்களே சொல்லுங்கள்.

அவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தோற்றாலும் துவண்டாலும், இனி நம் வேலியில் எவன் சட்டையும் கழலக் கூடாது. சம்மதமானால் எழுந்து நில்லுங்கள். செர்வாட்ஸ், உன்னைத்தான் முதலில் பார்க்கிறேன்.

நன்று, நீயே முதலில் எழுந்துவிட்டாய். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. பயந்துகொண்டே அந்த வேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எழுந்து நிற்கும் எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம்.