ஆகஸ்ட் மாத மதிப்பெண்

மழை பெய்தால் பந்தை எறியாமல் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதே நல்லது. இதைச் சொல்ல ஒரு புள்ளியியல் வாத்தியார் தேவையில்லை. ஓடினால் எத்தனை கெஜம் போவான் என்று சொல்லத்தான் நான் தேவை.

பெயர் கர்ட்டிஸ் ஹாகி. மினசோட்டாவில் இந்தச் சின்னக் கல்லூரியில் பதினெட்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து இது; எங்கள் அணியின் எண்கள் எல்லாம் என் கணினியில்தான் இருக்கின்றன. இந்த ஆகஸ்டில், சீசன் தொடங்கும் முன்பே, பத்து ஆட்டங்களின் முடிவையும் கணித்துச் சாப்பாட்டுக்கூடப் பலகையில் ஒட்டினேன். சிரித்தார்கள். எட்டு ஆட்டம் முடிந்தது, எட்டும் பலித்தது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

அந்த எட்டாவது ஆட்டத்தில் வேட் டாலெஃப்சனுக்குத் தலையில் அடிபட்டது. எங்கள் அணியில் பந்தை எறிபவன் அவன்தான். அவன் ஆடுவான் என்று வைத்துத்தான் எல்லாம் கணித்திருந்தேன். அவன் ஆடாவிட்டால் என் கணிப்பு பொய்யாகாது, சோதிக்கப்படாமலே போய்விடும். என்னைக் கேட்டால் அது இன்னும் மோசம்.

ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரு ஞாபகச் சோதனை எழுதுவார்கள். தலையில் அடிபட்டவன் அதை மறுபடி எழுதி, பழைய மதிப்பெண்ணைத் தொட்டால்தான் களம் இறங்கலாம். வேட் இப்போது எடுத்தது அறுபத்து நான்கு. ஆகஸ்டில் எடுத்தது தொண்ணூற்றொன்று. அந்தத் தொண்ணூற்றொன்றை நான் அறுபத்திரண்டு ஆக்கினேன். அரை நிமிஷ வேலை.

அணியின் மருத்துவ உதவியாளர் லோர்னா முகம் சுளித்தாள்.

"அறுபத்திரண்டா? வேட் அவ்ளோ மக்கு இல்லையே."

"அடிபட்டா வெளிய உக்கார வெச்சிடுவீங்கன்னு எல்லாப் பயலும் ஆகஸ்ட்ல வேணும்னே தப்பா எழுதுறான். இவன் மட்டும் என்ன பெரிய யோக்கியனா?"

அது அவளுக்கும் தெரிந்த விஷயம்தான். கையெழுத்துப் போட்டாள். உண்மையில் ஒழுங்காக எழுதியவன் அவன் ஒருவன்தான். மற்றவர்களின் எண்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சனிக்கிழமை காலை வேட் என் அறைக்கு வந்தான்.

"புரொபசர், வெளிச்சம் பட்டா இன்னும் கண்ணு கூசுது. ஆனா டெஸ்ட்ல பாஸ்ங்கிறாங்க. எதை நம்புறது?"

"கண்ணு பொய் சொல்லும்ப்பா. நம்பர் சொல்லாது."

"அப்ப சரி. நீங்க சொன்னா போதும்."

அன்றைய ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதியில் ஒரு சாதாரண மோதல், தோளில்தான். எழுந்தான், இரண்டடி நடந்தான், மண்டியிட்டான். அவன் அப்பா ஆர்லோ கம்பித் தடுப்பைத் தாண்டி ஓடி வந்தார். திங்கட்கிழமை வேட் இறந்துபோனான்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தில் காபி கொடுத்தார்கள். ஆர்லோ என்னிடம் வந்தார். பால்பண்ணை வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர்.

"சீட்டாட்டத்துல கூட ஏமாத்த மாட்டான் சார் எம்புள்ள. டெஸ்ட்ல ஏமாத்துனான்னு சொல்றாங்களே?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வயசுப் பசங்க எல்லாரும் பண்றதுதான்" என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அப்ப அவனே தேடிக்கிட்டான்" என்றார். கையை உருவிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

பதிவாளர் அவர்களே, இதையெல்லாம் உங்களிடம் சொல்லக் குற்றவுணர்ச்சியில் வந்தேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். இந்த வருஷத்து மதிப்பெண்களை ஓர் ஆய்வுக்குக் கேட்டிருக்கிறார்கள். வேடின் எண்ணை மாற்றியது நான்தான். அதனால்தான் அவன் ஆடினான், இறந்தான். தொண்ணூற்றொன்று என்று திருத்திவிடுங்கள். தப்பான எண் ஒன்று உள்ளே இருந்தால் போதும், ஆய்வே பாழாகிவிடும்.